இடிக் கட்சியும் ஊதுபத்திக் கட்சியும்

பழைய ராக் குழுக்களை இன்றைக்கும் ஏன் கேட்கிறார்கள், எது நிற்கும், எது நிற்காது, இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று திவ்யா மேடம் போன மாதம் அடுகோடிக்கு என் வீடு தேடி வந்து கேட்டார். பிரிகேட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த பப்பை இப்போது நடத்துபவர் அவர்தான். பெயர் மாறிவிட்டது, நாற்காலிகள் மாறிவிட்டன, பீரைக்கூட அங்கேயே காய்ச்சுகிறார்கள். பழைய வாடிக்கையாளர்களையும் வேலை செய்தவர்களையும் எழுதவைத்து ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறாராம். "அங்கிள், முப்பது வருஷம் ரெகார்டு போட்டவர் நீங்க. நீங்க சொன்னா எங்க பசங்க கேப்பாங்க" என்றார். இந்தக் காலத்துப் பசங்கள் யார் சொல்லியும் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அதை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொன்ன பத்தாவது நிமிடத்தில் ஒரு கேவலமான காரியமும் செய்தேன். எழுதச் சொன்னால் அதைத்தான் எழுத வருகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழுக்களின் நிஜப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் உடனே கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவீர்கள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எங்கள் சமையல்கட்டில் வைத்த பெயர்களே போதும். டிரம்ஸ் அடித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும் குழுவுக்கு 'இடி' என்று பெயர். ஒரு பாட்டை ஆரம்பித்தால் மெல்ல மெல்லப் புகை மாதிரி பரவி, எப்போது முடிந்தது என்றே தெரியாமல் முடியும் குழுவுக்கு 'ஊதுபத்தி'. இரண்டும் சீமைக் குழுக்கள். ஆட்கள் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

என் வேலைக்கான படிப்பு சுருக்கமானது. ஆறு மாதம் கிளாஸ் கழுவினேன், ஒரு வருடம் மேஜை துடைத்தேன். அப்புறம் ரெகார்டு போடுகிறவன் துபாய் போய்விட, முதலாளி முத்தண்ணா சார் என்னைக் கூப்பிட்டு, "கை தோரிசு" என்று கன்னடத்தில் சொன்னார். இரண்டு கைகளையும் நீட்டினேன். நகங்களைப் பார்த்தார். திருப்பச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார். "வியர்வை இல்லை. நாளையிலிருந்து ரெகார்டு நீ போடு. ஆய்த்தா?" என்றார். அதுதான் என் பரீட்சை, அதுதான் ரிசல்ட்.

முத்தண்ணா சார் குடகுக்காரர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆய்த்தா?" என்பார், சரிதானே என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் கேள்வி கொஞ்சம்தான் இருக்கும், மீதியெல்லாம் உத்தரவு. ரெகார்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், விரல் ரேகை வரிகளில் பட்டால் அன்று முழுக்க என்னோடு பேசமாட்டார். போடுவதற்கு முன்னால் வெல்வெட் பிரஷால் ஒரு சுற்று, எதிர்ச் சுற்று இல்லை, ஒரே திசையில். ஊசியை விரலால் இறக்கக் கூடாது, ஊசிக்கையைத் தாங்கும் சின்ன நெம்பியைத் தூக்கி அதுவாக இறங்கவிட வேண்டும். ஊசி இறங்கியதும் ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். நம் கால் அதிர்வில்கூட ஊசி துள்ளும் என்பார். அந்த ஓர் அடி எனக்கு மூச்சு விடுவது மாதிரி பழகிப்போயிற்று.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் பப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கேயும் அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு பேர், இரண்டு குழு. எந்தக் குழு காலத்துக்கும் நிற்கும் என்று வாதம். முதல் சுற்றில் பேச்சு, சமையல்கட்டில் முட்டை அவிக்க வைத்திருந்த மணல் கடிகாரம் காலியாகிறவரை பேசலாம். இரண்டாவது சுற்றில் ஆளுக்கு ஒரு பாட்டு. அது முடிந்ததும் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் தங்கள் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து இரண்டு ஐஸ் வாளிகளில் ஒன்றில் போட வேண்டும். சமமாக வந்தால் மூன்றாவது சுற்று. அதில் நான் உறையைத் துணியால் மூடிவிட்டு அவரவர் குழுவின் ஒரு பாட்டைப் போடுவேன், யார் சீக்கிரம் கையைத் தூக்கிப் பாட்டின் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு ஜெயம்.

தோற்ற குழுவுக்குத் தண்டனை உண்டு. அதன் ரெகார்டுகளை எல்லாம் அலமாரியில் முதுகுப் பக்கம் உள்ளே போகிற மாதிரி திருப்பி வைத்துவிடுவோம். அடுத்த சனிக்கிழமை வரை அந்தக் குழுவை யாரும் கேட்க முடியாது. ஒருமுறை சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் ஒருவன், மறுநாள் தனக்கு நிச்சயதார்த்தம், ஒரே ஒரு பாட்டு போடுங்கள் என்று கெஞ்சினான். முத்தண்ணா சார் அவனுக்கு ஒரு பிளேட் வறுத்த கோழி இலவசமாகக் கொடுத்தார், பாட்டைப் போடவில்லை.

நிரந்தரப் போட்டியாளர்கள் இரண்டு பேர். நாலாம் நம்பர் மேஜை, தூணுக்குப் பக்கத்தில். இடிக் கட்சிக்குப் பென்சன் சார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் ஃபோர்மேன். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ராட்சத மெஷின்களுக்கு நடுவே முப்பது வருடம் நின்றவர். ஞாயிறு காலையில் ஃப்ரேசர் டவுன் பக்கம் சர்ச் கொயரில் பாடுவார், சனிக்கிழமை மதியம் எங்களிடம் பீர். ஊதுபத்திக் கட்சிக்கு ரங்கராஜன் சார், மல்லேஸ்வரத்துக்காரர், பேங்க் ஆபீசர். வீட்டில் எல்லோரும் அவர் சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார்.

"எந்த ஊர்லயாவது ஒரு பையன் கிடார் வாங்குனா முதல்ல இன்னாடா வாசிக்கிறான்? எங்க ஆளுங்களோடதைத்தான். அம்பது வருஷமா அதான் நடக்குது" என்பார் பென்சன் சார்.

"கத்துக்கறதுக்கு வாசிக்கறது வேற பென்சன். சரளி வரிசையைக்கூடத்தான் எல்லாரும் வாசிக்கறா. அதுக்காகக் கச்சேரியில சரளி வரிசைக்குக் கைதட்டுவாளா?"

"உன் ஆளுங்க ஒரு பாட்டை முடிக்கிறதுக்குள்ள நான் மல்லேஸ்வரம் போயி காபி குடிச்சிட்டு வந்துடுவேன்."

"போயிட்டு வா. திரும்பி வர வரைக்கும் பாட்டு உன் தலைக்குள்ள ஓடிண்டேதான் இருக்கும். அதுதான் நிக்கறது."

இப்படியே பல வருடம். ஒரு நாள் பக்கத்து மேஜையில் ஒருவர், "இதெல்லாம் இப்ப யார் சார் கேக்கறாங்க?" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை ஒரு பிடி பிடித்த பிடியில், பாவம், மனுஷன் பாதி கிளாஸோடு ஓடிப்போனார். நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது. என்னை யாரும் கேட்டதில்லை. "தேவா, பாட்டைப் போடு" என்பார்கள், போடுவேன். இங்கிலீஷ் தெரியாத அடுகோடிக்காரனுக்கு இந்தப் பாட்டில் என்ன அபிப்பிராயம் இருக்கப்போகிறது என்று அவர்கள் நினைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு வருடக்கணக்கில் என் உள்ளே புளித்துக்கொண்டிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பென்சன் சாரின் காது போய்க்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இடியின் ஒரு ரெகார்டில் யாரோ ஊசியைத் தேய்த்து நீளமாகக் கீறல் விழுந்திருந்தது. போட்டால் டக் டக் என்று அடிக்கும். ஒரு தூசிச் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற மனிதர் பென்சன் சார். அன்று அந்தக் கீறல் இரண்டு நிமிடம் அடித்தது. பப்பே முகம் சுளித்தது. அவர் மட்டும் நிம்மதியாகக் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். நாற்காலியைத் தூணை ஒட்டி நகர்த்திக்கொண்டார், ஸ்பீக்கர் பெட்டி அங்கேதான் இருந்தது. வலது உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொள்வார். பாட்டை அவர் கையால் கேட்டார். டிரம்ஸ் அடிக்கிற விதத்தை வைத்தே இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார். என் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஊசி இறங்கியதும் நான் ஓர் அடி பின்னால் நகர்கிறேன் அல்லவா, பாட்டு ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அவருக்கு அதுதான் அடையாளம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கும் நாலாம் நம்பர் மேஜைக் காலுக்கும் நடுவே ஒரு சின்ன மரத்துண்டை இறுக்கி வைத்தேன், அதிர்வு நேராக மேஜைக்குப் போகும். அவர் பாட்டு வரும்போது ஆம்ப்ளிஃபயரில் அடிச்சத்தத்தை, பேஸை, கொஞ்சம் ஏற்றுவேன். மூன்றாவது சுற்று வந்தால் டிரம்ஸில் ஆரம்பிக்கிற பாட்டாகப் பார்த்து எடுப்பேன். இப்படி இரண்டு வருடம். அவருக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, அது மட்டும் தெரியும்.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

அன்று வாளிகளில் அட்டைகள் சமமாக விழுந்தன. மூன்றாவது சுற்றுக்கு நான் தயார் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று ரங்கராஜன் சார் என்னைக் காட்டி, "முத்தண்ணா, இத்தனை வருஷமா நாமளே கத்திண்டு இருக்கோம். நம்ம தேவா என்ன நெனைக்கறான்னு ஒரு நாளாவது கேட்டோமா?" என்றார். முத்தண்ணா சார் என்னைப் பார்த்தார். "ஹேளப்பா. சொல்லு" என்றார்.

பிரஷைக் கீழே வைத்தேன். பல வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"சார், எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது. அவங்க இன்னா பாடுறாங்கன்னும் தெரியாது. ஆனா உள்ள கிளாஸ் கழுவுற கெம்பம்மாவுக்கு என்னைவிடத் தெரியாது. நீங்க எந்தப் பாட்டு போட்டாலும் உள்ள குழாய்ச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இடியோட ஒரு பாட்டுக்கு மட்டும் அது நின்னுபோவும். மெதுவா ஆரம்பிக்கிற அந்தப் பாட்டு. கெம்பம்மா குழாயை மூடிட்டு நிக்கும். ஏன்னு கேட்டா, சும்மான்னு சொல்லும். எட்டு வருஷமா பாக்குறேன், ஒரு தடவைகூட மூடாம இருந்ததில்ல. புரிஞ்சவங்க கேக்குறது பெரிசில்ல சார். ஒரு வார்த்தை புரியாதவங்க வேலையை நிறுத்திட்டு எதைக் கேக்குறாங்களோ, அதான் நிக்கும். இடிதான் சார் நிக்கும்."

நான் பேசியது பென்சன் சாரின் கட்சிக்காக. அவர் முகத்தைப் பார்த்தேன். பாராட்டுவார் என்று பார்த்தேன், எழுந்து வந்து தோளில் தட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் கையை வீசி, "சரி சரி, போதும்டா. பாட்டைப் போடு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த ஆளுக்காக இரண்டு வருடம் மரத்துண்டு வைத்தேனே, இந்த ஆள் என்னை ஓர் ஆளாகக்கூட மதிக்கவில்லையே என்று நினைத்தேன். அவருக்குக் காது கேட்காது என்பது எனக்குத் தெரியும், இரண்டு வருடமாகத் தெரியும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் பேசிய ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது, அந்தக் கோபத்தில் என் மண்டையில் உறைக்கவே இல்லை. இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மாளாது. அவருடைய செவிட்டுத்தனத்துக்கு அத்தனை ஏற்பாடு செய்தவன், அதையே அவமரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்வது மாதிரி குனிந்து மரத்துண்டை உருவினேன். பேஸைக் கடைசிவரை இறக்கினேன். நான் பேச்சில் சொன்ன அதே பாட்டை எடுத்தேன். முதல் ஒரு நிமிடத்துக்கு அதில் டிரம்ஸே கிடையாது, ஒற்றைக் கிடார்தான். உறையைத் துணியால் மூடினேன். பிரஷால் ஒரு சுற்று. நெம்பியைத் தூக்கி ஊசியை இறங்கவிட்டேன். பின்னால் நகரவில்லை, அதே இடத்தில் நின்றேன்.

கிடார் ஆரம்பித்தது. எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது, யாரோ ஒருவர் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துப் பாடினார். உள்ளே குழாய் நின்றது. பென்சன் சார் உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி, இருபது விநாடி. விரல்களைக் கொஞ்சம் நகர்த்தி வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கொஞ்சம் எரிச்சலோடு, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, உரக்கச் சொன்னார்:

"தேவா, போடேண்டா. இன்னும் எவ்ளோ நேரம்?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்புறம் ரங்கராஜன் சார் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி ரங்கா, உனக்கு ஜெயம்" என்றார். எழுந்து ரங்கராஜன் சாரிடம் கை கொடுத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். அரை கிளாஸ் பீர் மேஜையிலேயே இருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது வழக்கம்போல "வரேன் தேவா" என்றார். அவர் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் பப்புக்குள் அவர் கால் வைக்கவேயில்லை.

ரங்கராஜன் சார் கவுண்டருக்கு வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எங்களுக்கெல்லாம் தெரியாதுன்னா நெனச்சே? ரெண்டு வருஷமா நான் ஏன் அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா மென்னு மென்னு பேசறேன்? என் மணல் பாதிக்கு மேல அதுலயே போயிடும். அவன் ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போறான், எனக்கு அவன் வேணும். நீ என்ன காரியம் பண்ணிட்டே!" என்றார். அன்று அவர் ஏலக்காய் போட்டுக்கொள்ள மறந்துபோனார்.

முத்தண்ணா சார் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் வந்து பேஸ் திருகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். குனிந்து தூணடியில் கிடந்த மரத்துண்டை எடுத்தார், அதை இருந்த இடத்திலேயே திரும்ப இறுக்கினார். அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு, "தோற்ற குழுவைத் திருப்பி வை. இனிமேல் சனிக்கிழமை ஆட்டம் கிடையாது. ஆய்த்தா?" என்றார்.

இடியின் ரெகார்டுகள் அத்தனையையும் திருப்பி வைத்தேன். அடுத்த ஆட்டம் நடந்தால்தானே நேராக வைக்க முடியும்? அதற்கப்புறம் கொரோனா வந்தது, பப்பை மூடினார்கள், முத்தண்ணா சார் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார், எனக்கும் ஓய்வு வந்தது. ரெகார்டுகளைப் பெட்டியில் அடுக்கும் நாள்வரை இடி திரும்பியபடியேதான் இருந்தது. முத்தண்ணா சார் போகும்போது என்னைத் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கை நல்ல கை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது திட்டாகத்தான் கேட்டது.

பென்சன் சார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்காத மாதம் கிடையாது. ஒருமுறை அவர் தெரு முனைவரை போய்விட்டு, சர்ச் வாசலில் நின்று யோசித்து, பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். இன்று நாளை என்று வருடங்கள் போய்விட்டன. போன மாதம் திவ்யா மேடம்தான், "ரங்கராஜன் அங்கிள் ஒரு பென்சன் அங்கிளைப் பத்திச் சொன்னார். அவரும் எழுதணும். நீங்க நேர்ல போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். தப்பிக்க வழியில்லாமல் போனேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள் கிரேஸ், பள்ளிக்கூட டீச்சர். உள்ளே பென்சன் சார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது, மீசை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் வீடே அதிர, "வாடா தேவா! இத்தினி வருஷமா எங்கடா போன?" என்றார்.

"இப்ப சுத்தமா கேக்காது. காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தோம், மாட்டினா மறுபடியும் பிரஸ் ஷாப்ல நிக்கிற மாதிரி இருக்குன்னு கழட்டிப் போட்டுட்டார். எதுன்னாலும் இதுல எழுதுங்க" என்று கிரேஸ் ஒரு நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார்.

புத்தக விஷயத்தை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "அதை விடு. எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தக் கடைசி சனிக்கிழமை, பாட்டு போடறதுக்கு முன்னாடி நீ நின்னுக்கிட்டு என்னமோ ரொம்ப நேரம் பேசினியே. வாய் அசையறது தெரிஞ்சுது. நீ பேசி நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் கேட்டாங்க, எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல. எல்லார் முன்னாடியும் கேக்கலன்னு சொல்ல வெக்கம். அதான் சரி சரின்னு கையை வீசிட்டேன். இன்னாடா சொன்னே அன்னிக்கு?" என்றார்.

எழுதினேன். கெம்பம்மா, குழாய், மெதுவாக ஆரம்பிக்கும் அந்தப் பாட்டு, எல்லாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். "அடப்பாவி, எனக்காகவாடா பேசினே!" என்று கத்தினார். கிரேஸ் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்து பார்த்தார். பென்சன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உடனேயே, "ஆனா நீ சொன்ன காரணம் தப்பு" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் என்னோடு வாதாடினார். நான் எழுத எழுத அவர் மறுத்தார். முப்பத்தோரு வருடத்தில் அந்த நாலாம் நம்பர் மேஜையில் எனக்குக் கிடைக்காத நாற்காலி அன்று கிடைத்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இன்னொண்ணு. அன்னிக்கு மேஜை ஆடவே இல்லடா. எப்பவும் நீ போட்டா என் கைக்கு வந்துடும். அன்னிக்கு ஒண்ணுமே வரல. நீ நின்ன இடத்தைவிட்டு நகரவும் இல்ல. இன்னா ஆச்சு?" என்று கேட்டு நோட்டை நீட்டினார்.

பேனாவை வாங்கினேன். உண்மையை எழுதத்தான் வாங்கினேன். என் கை, 'ஆம்ப் கோளாறு' என்று எழுதியது.

அவர் அதைப் படித்துவிட்டு உள்ளே திரும்பி, "கிரேஸ், நான் சொல்லல? ஆம்ப் கோளாறாம். இவன் அப்படிச் செய்யற ஆளே இல்லன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று கூப்பிட்டுச் சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவது? இத்தனை வருடமாக அவர் வீட்டில் என்னைப் பற்றி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. எனக்காக வாதாடியவர் அவர்தான்.

அதற்கப்புறம் நாலு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்வந்துவிட்டேன், மதியம் இரண்டு மணிக்கு. நோட்டு என் முன்னால் திறந்தே இருக்கிறது. பாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன், குழுக்களைப் பற்றி எழுதுகிறேன். நேற்று அவர் தன் கட்டுரையை முடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தார். தமிழில், சர்ச் குறிப்பு எழுதுகிற அழகான கையெழுத்தில். கடைசிப் பத்தியில் அந்தச் சனிக்கிழமை வருகிறது. ஆம்ப் கோளாறினால் தன்னால் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதாகவும், காது போன பிறகும் இரண்டு வருடம் தனக்கு உள்ளங்கை வழியாகப் பாட்டு கொடுத்தவன் தேவராஜ் என்றும், மரத்துண்டு விஷயம் தனக்கு முதல் நாளே தெரியும் என்றும் எழுதியிருக்கிறார்.

இரண்டு கட்டுரைகளும் ஒரே புத்தகத்தில் வரப்போகின்றன. என்னுடையதை அவர் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. புத்தகம் வர இன்னும் மூன்று சனிக்கிழமைகள் இருக்கின்றன.